மழைக்காசு

மழை பெய்தால் ரெத்தினபாய்க்கு வேலை இல்லை.
பாறசாலைக்குத் தெற்கே முந்நூற்றுப் பத்து ரப்பர் மரம்,
ஒன்றுக்குக்கூட முதலாளி பிளாஸ்டிக் பாவாடை கட்டவில்லை.
பட்டை நனைந்தால் பால் சிரட்டைக்கு வராமல்
தண்ணியாய் வழிந்து மண்ணுக்குப் போகும்.
ஆகவே இடவப்பாதி தொடங்கினால்
படிக்க நேரம் உண்டு, பஸ்ஸுக்குக் காசு இல்லை.
மகரத்தில் காசு உண்டு.
மூன்றரைக்கு நெற்றியில் விளக்கு கட்டிப் போகிறவள்
பால் உறைய வைத்து வந்து புத்தகம் திறந்தால்
புத்தகம் அவளை மூடும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை.
கால் கிலோ ஏத்தன்காய் வறுவலுக்குச் சில்லறை எண்ணும்போது
இருபது ரூபாய் குறைந்தது,
அப்போது சொன்னாள்.

நான் மாகீன்.
களியக்காவிளை செக்போஸ்ட்டுக்கு எதிரே சிப்ஸ் கடை.
எனக்கும் எபிரேயத்துக்கும் என்ன?
எண்ணெய் காயும் நேரத்தில் கேட்டேன்,
அப்படி என்னதான் படிக்கிறாய்?
ஒரு சொல், என்றாள்.
ஒரே ஒரு சொல்லா?
பதினோரு வருஷமாய்.

இறையியல் கல்லூரியை இரண்டாம் ஆண்டில் விட்டவள்,
அப்பா மரத்திலிருந்து விழுந்த ஆண்டு.
இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள்
என்றார் சபைப் போதகர்.
இருக்கிறார்கள்.
அதில் ஒருவர் இவள் அனுப்பிய கடிதத்தில் பாதியை
தன் கட்டுரையில் போட்டுக்கொண்டார்.
நன்றிப் பட்டியலில் அவருடைய நாய்க்கு இடம் இருந்தது.

நாலு பேர் சேர்ந்தோம்.
நான், எடைமேடை சோபனதாஸ், பிரசவ வார்டு புஷ்பலீலா,
ஆட்டோ தங்கையன்.
தங்கையன் வேதத்தை நம்பமாட்டான், யூனியன் ரசீதை நம்புவான்,
அதனால் நோட்டு அவன் கையில்.
தலைக்கு முந்நூறு, இடவம் முதல் துலாம் வரை.
பேர் வைத்தது புஷ்பலீலா.

கேட்காமலே மாதாமாதம் கணக்குக் கொண்டுவருவாள்.
திருவனந்தபுரம் பஸ், போகவர.
நூலகத்தில் நகல், எழுபத்தாறு பக்கம்.
கண்ணாடிக்கு ஒரு பக்கம் மட்டும் சில்லு.
சாயா இரண்டு. அதில் ஒன்றை அடித்துவிட்டு
பென்சிலில், "இது என் காசு".

போன விருச்சிகத்தில் ஓர் ஆய்விதழுக்கு
என் மகனுடைய கம்ப்யூட்டரில் படிவம் நிரப்பினாள்.
நிறுவனம் என்ற கட்டத்தில் விரல் நின்றது.
பல்கலைக்கழகம் இல்லை. சபை எழுதித் தராது.
காலியாய் விட்டால் அடுத்த பக்கம் திறக்காதாம்.
என்னை ஒருமுறை பார்த்தாள், அடித்தாள்:
மாகீன் சிப்ஸ், களியக்காவிளை.
பதில் கடை விலாசத்துக்கே வந்தது,
மதிப்பிற்குரிய துறைத்தலைவருக்கு என்று.
கையைத் துடைத்துவிட்டுத்தான் பிரித்தேன்.
பதினாலு திருத்தம் கேட்டிருந்தார்கள்.

அந்தச் சொல்லைத் தமிழில் கிருபை என்று போட்டுவிட்டார்கள்,
மேலே இருப்பவர் கீழே போடுகிற மாதிரி.
அவள் சொல்வது வேறு.
இரண்டு பேர் கையடித்து வாக்குச் சொன்ன பிறகு
ஒருவன் விழுந்தால் மற்றவன் வந்தே ஆகவேண்டும்,
அதில் தயவு கிடையாது.
சரி, அதற்குத் தமிழில் என்ன?
அதுதானே மாகீனண்ணா இன்னும் கிடைக்கவில்லை.

மகரத்தில் எடைமேடையைப் பூட்டினார்கள்.
நாலுவழிச் சாலை வளைந்து வேறு பக்கம் போயிற்று,
லாரியும் அதன் பின்னால்.
சோபனதாஸ் கடைப்பக்கம் தலைகாட்டவில்லை.

பால் நன்றாய் ஊறும் மாதம்.
ரெத்தினபாய் வந்தாள்,
விரலிடுக்கில் உலர்ந்த ரப்பர் தோல் தோலாய்.
முந்நூறு ரூபாயைத் தங்கையனின் நோட்டுமேல் வைத்தாள்.
இப்போ மழை இல்லையே, என்றான்.
சோபனதாஸ் வீட்டில் பெய்யுதே, என்றாள்.

தங்கையன் ரசீதுப் புத்தகத்தை எடுத்தான்.
எந்தக் கணக்கில் எழுத என்று கேட்க என் பக்கம் திரும்பினான்.
நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றதில்
ஒரு சட்டி ஏத்தன்காய் கருகிப்போயிருந்தது.